கண்டி, நுவரெலியா 6 நாள்: தேயிலை மியூசியம் பார்க்க எத்தனை நேரம் ஒதுக்கலாம்?

பஞ்சாலை_பையன்
வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இலங்கை போகிறேன். கொழும்பில் இறங்கி கண்டி, அப்புறம் நுவரெலியா, மொத்தம் 6 நாள். அப்பாவுக்கு 71 வயது, கோவையில் ஒரு நூற்பாலையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவர். கோயில், பூங்கா, அருவி எல்லாம் அரை மணி நேரம் தாங்கினால் பெரிது, "கிளம்பலாமாடா" என்று ஆரம்பித்துவிடுவார். ஆனால் ஒரு பழைய மெஷின் கண்ணில் பட்டால் அங்கேயே குடியிருப்பார். போன வருடம் மூணாறு தேயிலை மியூசியத்தில் தண்ணீர் வேகத்தில் சுழலும் பெல்டன் சக்கரத்தை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் அம்மா இரண்டு டீ குடித்து ஒரு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டார்.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் ஒரு தேயிலை மியூசியம் இருக்கிறதாம். போனவர்கள் சொல்லுங்கள், அரை நாள் தகுமா? வேறு பழைய தொழிற்சாலை, ரயில் மியூசியம் மாதிரி ஏதாவது வழியில் உண்டா? அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டு அதிகம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

சுத்துற_மாமா
6 நாள்தான் இருக்கு, அதில் மியூசியமா? எல்ல என்ற மலையூருக்கு ரயிலில் போங்க தம்பி, கதவோரம் நின்று போட்டோ எடுங்க, ஒன்பது வளைவுப் பாலம் பாருங்க. துருப்பிடித்த இரும்பைப் பார்க்கக் கடல் தாண்டணுமா, சிங்காநல்லூரிலேயே கிடைக்குமே.

பழைய_பாய்லர்
மாமா, அவருடைய அப்பா ஃபிட்டர். 71 வயதில் ரயில் கதவில் தொங்கப்போவதில்லை. விடுங்க.

பஞ்சாலை, அரை நாள் தாராளமாகத் தகும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். அது மியூசியத்துக்கென்று கட்டிய கட்டடம் இல்லை, 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையேதான். பல வருடம் பூட்டிக் கிடந்ததைச் சரிசெய்து 2001இல் மியூசியமாகத் திறந்தார்கள். நாலு மாடி. கீழே கனமான மெஷின்கள், எஞ்சின்கள், மேலே இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர், டீ வியாபாரி தாமஸ் லிப்டன் சம்பந்தப்பட்ட பொருள்கள், நூலகம், அதற்கும் மேலே டீக்கடைகள், உச்சியில் தொலைநோக்கி வைத்த உணவகம். அம்மா கீழ்த் தளத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளட்டும், அப்பாவுக்கு வேண்டிய முக்கால்வாசி கீழேயே இருக்கிறது.

உள்ளே போவதற்கு முன் கட்டடத்தை வெளியே நின்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். தேயிலைத் தொழிற்சாலை ஏன் இத்தனை ஜன்னலோடு இவ்வளவு உயரமாக நிற்கிறது என்பது புரிந்தால் உள்ளே பாதி விஷயம் தானாக விளங்கும். பறித்த கொழுந்தை மேல் மாடிகளில் பரப்பிக் காற்றில் வாட்டுவார்கள், ராத்திரி முழுக்க. ஈரம் இறங்கித் துவண்டதும் கீழே தள்ளுவார்கள், ரோலரில் உருட்டுவார்கள், சல்லடையில் கட்டியை உடைத்துப் பரப்பிச் சிவக்க விடுவார்கள், டிரையரில் காயவைத்துத் தரம் பிரிப்பார்கள். மேலே பச்சையாக ஏறியது கீழே கறுப்பாக இறங்கும். ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து கொடுத்தால் ஒரு கிலோ தூள்.

வழியில் கடுகண்ணாவையை விட்டுவிடாதீர்கள். அங்கே ரயில் நிலையத்திலேயே தேசிய ரயில் மியூசியம் இருக்கிறது, இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கி 150 வருடம் ஆனதை ஒட்டி 2014 டிசம்பரில் திறந்தது. நீராவி எஞ்சின், பழைய டீசல் எஞ்சின் எல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அதே ஊரில் நெடுஞ்சாலை மியூசியம் ஒன்றும் உண்டு, பழைய நீராவி ரோடு ரோலர்கள் நிற்கும். கொழும்பிலிருந்து காரில் போனால் வழியிலேயே வந்துவிடும்.

போடிக்காரன்
மூணாறு பேச்சு வந்ததால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மியூசியத்தில் எல்லாரும் பெல்டன் சக்கரத்தோடு போட்டோ எடுத்துவிட்டு ஒரு பொருளைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். கருங்கல் மேல் வைத்த ஒரு சூரியக் கடிகாரம். 1913இல் நம்ம நாசரேத் கைத்தொழில் பள்ளியில் செய்தது. திருநெல்வேலிச் சீமையில் செய்த கடிகாரம் மூணாறு மலையில் துரைமாருக்கு மணி காட்டியிருக்கிறது.

அதே மியூசியத்தில் குண்டளை ரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்றும் இருக்கிறது. 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் சின்ன நீராவி ரயிலாகி, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. மலையாளத்தில் 99ஆம் ஆண்டு வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. அந்த ரயில் டாப் ஸ்டேஷன் வரை டீப்பெட்டியைக் கொண்டுவரும், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் எங்க ஊர் போடிநாயக்கனூர். மூணாறு டீ முதலில் தமிழ்நாட்டுப் பக்கம்தான் இறங்கியது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை.

சரி, தலைப்பை விட்டுப் போய்விட்டேன், கண்டிக்கு வாங்க.

ஹட்டன்_லயம்
எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஹந்தானைக்குப் போங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்பாவுக்குப் பிடிக்கும். ஆனால் அதோடு திரும்பிவிடாதீங்க. கம்பளைக்கு மேலே பாரதெக்க என்ற இடத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இன்னொரு மியூசியம் இருக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். 2007இல் திறந்தது. கண்டியில் இருக்கிற சமூக அபிவிருத்தி நிறுவனம் நடத்துது. லயம் என்றால் தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், அதில் ஒரு அறைதான் காம்பரா. அந்தப் பழைய லயத்துக் காம்பராக்களைத்தான் மியூசியமாக்கி வைச்சிருக்காங்க. கூடை, செடியை வெட்டிவிடுற கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுற முள்ளு, சமையல் சாமான், நகை, தப்பு மேளம், பழைய பத்திரங்கள், எங்க ஆட்கள் எழுதின புத்தகங்கள். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர், எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை பற்றியும் தெரிஞ்சுக்கலாம்.

ஹந்தானையில் பார்க்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் நின்றவங்க இந்தக் காம்பராவில்தான் தூங்கினாங்க. இதைப் பார்க்காமல் அதை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.

பழைய_பாய்லர்
தம்பி, நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தொழில்நுட்ப மியூசியத்திடம் போய் "ஏன் தொழிலாளர் கதை இல்லை" என்று கேட்பது அவ்வளவு சரியா? ரயில் மியூசியத்தில் தண்டவாளம் போட்ட கூலியாளின் படத்தைத் தேடுகிறோமா? அது மெஷினுக்கான இடம், இது மனிதருக்கான இடம், இரண்டையும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே.

ஹட்டன்_லயம்
ஐயா, மெஷினுக்கு மட்டுமான இடம் என்றால் எனக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் எந்தத் தேயிலை மியூசியத்துக்குப் போனாலும் துரைமார் கதை இருக்கே. ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்தார், லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், எல்லாம் தெரியும், மரியாதையும் உண்டு. அவர் 1892இல் செத்தப்போ பெட்டியை 24 பேர், 12 பேர் 12 பேராக மாறி மாறிச் சுமந்துகிட்டு கண்டி வரைக்கும் நடந்தாங்க என்று தேயிலை வரலாறு எழுதினவங்களே எழுதியிருக்காங்க. மலைப்பாதை. அவரோட கல்லறை இன்னும் கண்டி மஹியாவையில் இருக்கு. அந்த 24 பேரில் ஒருத்தர் பேராவது யாருக்காவது தெரியுமா? நான் கேட்கிறது அவ்வளவுதான்.

பெயர் எழுதத் தெரியாத காலம் என்று சொல்லிவிடாதீங்க. எழுதி வைச்சிருந்தாங்க, வேற விதத்தில். 1900களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தவங்க கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டினாங்க, 'டின் டிக்கெட்' என்று பேர். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், ஆள் எத்தனையாவது என்று அடையாளம் குத்தியிருக்கும். அதே மாதிரி 'துண்டு' என்று ஒரு சீட்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும் என்றால் இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதின சீட்டு வேணும். புதுத் தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கிட்டால் ஆளை அனுப்புவாங்க. 1921இல்தான் அதை ஒழிச்சாங்க. கணக்கு சரியாகத்தான் இருந்தது ஐயா.

பழைய_பாய்லர்
ம். அந்த 24 பேர் விஷயம் நான் கேள்விப்பட்டதில்லை. சரி, அடுத்த தடவை பாரதெக்கவும் சேர்த்துப் போகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கொழும்பு–கண்டி ரயில் பாதை முடிந்ததும் அதே 1867தான், போட்டது காப்பியை இறக்க. இரண்டே வருடத்தில், 1869இல், காப்பியில் துரு நோய் வந்தது. கொஞ்ச காலத்தில் காப்பித் தோட்டங்கள் அழிந்தே போயின. காப்பிக்காகப் போட்ட பாதை, காப்பிக்காகக் கொண்டுவந்த ஆட்கள், காப்பிக்காக வெட்டிய காடு, எல்லாவற்றையும் தேயிலை அப்படியே எடுத்துக்கொண்டது. கடுகண்ணாவை மியூசியத்தில் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டால் ஹந்தானைக்கு அது முன்னுரை மாதிரி இருக்கும்.

கோத்தகிரி_செல்வி
இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். எங்கள் அம்மாச்சி பிறந்தது நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்தில். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரை இரண்டு நாடும் பங்கு போட்டார்களே, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து 1974இல் ஆளுக்குப் பாதி என்று. அதில் இந்தப் பக்கம் விழுந்த வீடு எங்களுடையது. தலைமன்னாருக்குப் போகிற ரயிலை அம்மாச்சி "அழுகைக் கோச்சி" என்றுதான் சொல்லும். ரயில் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்டேஷனில் போகிறவர்களும் நிற்பவர்களும் ஒன்றாக அழுவார்களாம்.

இங்கே நீலகிரியில் எங்களைப் போல் திரும்பி வந்தவர்களுக்காகத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள், இப்போது டேன்டீ என்கிறோமே, அது. மலை மாறியது, வேலை மாறவில்லை. ஊரில் இன்றைக்கும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள், அங்கே இருந்தபோது 'இந்தியாக்காரங்க'.

ஹட்டன் அண்ணா, அந்தப் பாரதெக்க மியூசியத்தில் 'இஸ்தோப்பு' அப்படியே இருக்கிறதா? அம்மாச்சி கடைசி வரை வாசல் திண்ணையை இஸ்தோப்பு என்றுதான் சொன்னது. எங்கள் வீட்டில் எல்லாரும் அது அதனுடைய சொந்த வார்த்தை என்று நினைத்துச் சிரிப்போம்.

ஹட்டன்_லயம்
தங்கச்சி, இஸ்தோப்பு எங்க எல்லாரோட வார்த்தையும்தான். காம்பரா, இஸ்தோப்பு, பீலி (தண்ணி பிடிக்கிற இடம்), பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடுறது), இதெல்லாம் இல்லாமல் எங்க ஆட்கள் ரெண்டு நிமிஷம் பேச முடியாது. வாங்க, வந்து பாருங்க.

சுத்துற_மாமா
துருப்பிடித்த இரும்பு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது வளைவுப் பாலமும் பாருங்க.

பஞ்சாலை_பையன்
இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்குத் திட்டம் இது: முதல் நாள் கடுகண்ணாவை வழியாகக் கண்டி, இரண்டாம் நாள் ஹந்தானை, மூன்றாம் நாள் காலையில் பாரதெக்க, அப்படியே நுவரெலியா. வரிசை சரியா, இல்லை லயத்தை முதலில் பார்த்துவிட்டு மெஷினுக்குப் போகலாமா?

ஹட்டன்_லயம்
ஹந்தானை முதல். மெஷின் பார்த்த சந்தோஷத்தோட வாங்க, அப்போதான் லயத்தில் கேள்வி வரும். மாற்றிப் பார்த்தால் ஹந்தானையில் அப்பாவுக்கு மெஷின் ரசிக்க மனசு வராது, பாவம். ஹந்தானை திங்கட்கிழமை மூடியிருக்கும், நாளைப் பார்த்து வைச்சுக்கோங்க. பாரதெக்கவுக்குக் கட்டாயம் முன்கூட்டியே போன் பண்ணுங்க, எல்லா நேரமும் ஆள் இருக்கும் என்று சொல்ல முடியாது. கம்பளையில் திரீவீல் (ஆட்டோ) பிடிக்கலாம், ஏறுறதுக்கு முன்னாடியே போக வர எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு என்று பேசிக்கோங்க. மழை என்றால் அட்டை கடிக்கும், அம்மாவுக்கு உப்புப் பொட்டலம் ஒண்ணு கையில் கொடுங்க.

பஞ்சாலை_பையன்
போய்விட்டு வந்தாச்சு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடுகண்ணாவையில் ஒன்றரை மணி நேரம். மழை தூறல், எங்களைத் தவிர ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். அதிலிருந்த பையன் ஒருத்தன் அப்பாவை அங்கே வேலை செய்பவர் என்று நினைத்துச் சிங்களத்தில் ஏதோ கேட்க, இவர் கோயமுத்தூர் தமிழில் நீராவி சிலிண்டரை விளக்கினார். இரண்டு பேருக்கும் திருப்தி.

ஹந்தானையில் மூன்று மணி நேரம். பாய்லர் அண்ணா சொன்னபடி முதலில் வெளியே நின்று மாடியை எண்ணினோம். உள்ளே ரோலர் முன்னால் அப்பா நின்றுவிட்டார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கீழே வட்டமான ஒரு மேடை, அதன் மேல் பிறை மாதிரி வளைந்த பித்தளைப் பட்டைகள் புடைத்து நிற்கும், மேலே அடியில்லாத ஒரு பெரிய டிரம், அதற்கு அழுத்துகிற மூடி. கிராங்க் சுற்றும்போது டிரம் அந்த மேடை மேல் வட்டமடித்து இலையைப் பட்டைகளில் தேய்க்கும். அப்பா அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வட்டமாகத் தேய்த்துக் காட்டினார். "கையால பண்ணதைத்தான் அப்படியே இரும்புல பண்ணியிருக்கான், வேற புதுசா ஒண்ணும் இல்ல" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் எந்த மெஷினுக்கும் கொடுத்து நான் கேட்டதில்லை. அம்மா மேலே ஏறவில்லை, கீழே பெஞ்சில் இருந்தார். நாங்கள் மட்டும் உச்சிக்குப் போய் டீ குடித்தோம். டீ நன்றாக இருந்தது, தொலைநோக்கியில் பனி மட்டும் தெரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கிளம்பும்போது அப்பா, "எல்லாம் எழுதியிருக்கான், மெஷின் பேரு, வருஷம், எந்த ஊர்ல செஞ்சது. ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்னு எங்கயாச்சும் பார்த்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. ஒருவேளை எங்காவது எழுதியிருந்து என் கண்ணில் படாமலும் போயிருக்கலாம்.

மறுநாள் பாரதெக்க. கம்பளையில் எங்களை ஏற்றிய திரீவீல்காரர் வேறு ஒரு டீத் தொழிற்சாலைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தி, "இதுதான் மியூசியம்" என்றார். ஹட்டன் அண்ணா சொன்னபடி காசை முன்கூட்டியே பேசியும் இப்படி ஆனது. சமாதானம் பேசி, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, மேலே போனோம். முன்னாடியே போன் பண்ணியிருந்ததால் திறந்து வைத்திருந்தார்கள்.

லயத்துக்குள் நுழைந்ததும் அப்பா பேசவில்லை. காலடி வைத்து அறையை அளந்தார், நீளம் ஒரு தடவை, அகலம் ஒரு தடவை. பழக்கம், மில்லில் மெஷின் இறக்குமுன் அப்படித்தான் அளப்பாராம். "பத்துக்குப் பன்னெண்டு வரும். ரெண்டு ரோலர் வச்சா அப்புறம் ஆளு நிக்க எடமிருக்காது" என்றார். கவ்வாத்துக் கத்தி ஒன்றைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். அம்மா கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு தோளில் இல்லை, தலையில் மாட்டுவது என்று காட்டியதும், "முடி கொட்டிப்போயிருமே" என்றார். மியூசியத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டு, "கொட்டும்தான்" என்றார்.

செல்வி அக்கா, இஸ்தோப்பு இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு அங்கேதான் உட்கார்ந்தோம்.

பாலம் பார்க்கவில்லை மாமா, மன்னிக்கணும்.

கோத்தகிரி_செல்வி
இஸ்தோப்பு படம் இருந்தால் ஒன்று போடுங்கள் தம்பி. ஆள் இல்லாத படமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹட்டன்_லயம்
அப்பா கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன். எங்க ஆட்கள் பேக்டரியை 'ஸ்டோரு' என்பாங்க. எங்க சித்தப்பா ஸ்டோருல ரோலரில் நின்றவர். பகலில் பறிச்ச கொழுந்து சாயங்காலம் மேல் மாடிக்கு ஏறும், வாட்டம் பதமாகிறதுக்கு ராத்திரி ஆகிடும், அதனால ரோலர் ஓட்டுறது நடு ராத்திரிக்கு மேலதான் தொடங்கும். கொழுந்து கொட்டுற காலத்தில் ஒரு மணி, ரெண்டு மணிக்கெல்லாம் லயத்திலிருந்து ஆள் இறங்கிப் போகும். விடியக் காத்தால மெஷின் சத்தம் கேட்டுத்தான் நாங்க எழும்புவோம். இலை துவளுற நேரம்தான் ஷிஃப்ட் நேரம், கடிகாரம் பார்த்து இல்லை.

பஞ்சாலை_பையன்
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நைட் ஷிஃப்ட்டா" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அலவன்ஸ் உண்டானு கேளு" என்கிறார்.

ஹட்டன்_லயம்
தேத்தண்ணி உண்டு என்று சொல்லுங்க. டஸ்ட்டு.